பாத்துப் போடுங்க

எடை பார்க்கும் மேடையில் சிறுசு ஏறி நின்றதும், காத்திருந்தவர்கள் எல்லாரும் "அடேங்கப்பா" என்றார்கள். இன்னும் பால் பல் முழுசாக விழாத நாய்க்குட்டி என்று சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. "என்னதான் போடுறீங்க, இப்படி வளந்திருக்கு?" என்று பூனைக்கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் கேட்டாள். மிளகாய்க்குப் பெருமை தாங்கவில்லை. நகரப் பேருந்து ஓட்டுகிற அவளுக்கு டிப்போவில் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. கோபத்தை மூக்கு நுனியில் உட்கார வைத்துக்கொண்டே வண்டியெடுக்கிறவள், அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

டாக்டரம்மா எடையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், சிரிக்கவில்லை. கீழே குந்தி உட்கார்ந்து முன்னங்கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தன. வலது காலை மணிக்கட்டுக்கு மேலே அமுக்கியதும் சிறுசு முனகிக்கொண்டு காலை இழுத்துக்கொண்டது.

"எவ்வளவு நாளா நொண்டுது?"

"நொண்டல டாக்டர். சரியான சோம்பேறி. நடக்க மாட்டேன்னு நடுரோட்டுல உக்காந்துக்கும்."

"சோம்பேறி இல்லம்மா. வலிக்குது அதுக்கு" என்றார் டாக்டரம்மா. "பெரிய ஜாதி நாய் மெதுவாத்தான் வளரணும். நீங்க கொட்டிக் குடுத்தாலும் அளவாக் குடுத்தாலும் கடைசியில வர்ற உயரம் ஒண்ணுதான். அவசரப்படுத்துனா உடம்பு முன்னால ஓடிடும், எலும்பு பின்னால நிக்கும். விலாவத் தடவிப் பாருங்க. எலும்பு கைக்குத் தட்டுப்படுதா?"

தடவினாள். மெத்தையில் கை வைத்தாற்போல் இருந்தது.

"யாரு சாப்பாடு போடுறது?"

"காலையில நான். மத்தியானமும் சாயங்காலமும் எங்க மாமனார். நீங்க சொன்ன கப்லதான் டாக்டர் போடுறோம்."

"அந்த அளவுக்கு இந்த எடை வராது. தனியா கால்சியம் ஏதாவது குடுக்கறீங்களா?"

"சத்தியமா இல்ல."

"சத்தியமெல்லாம் பண்ணாதீங்க. வீட்டுல போய் விசாரிங்க" என்று டாக்டரம்மா கையைக் கழுவப் போனார். "இப்பவே நிறுத்தினா, வளர்ற வயசு, கால் தானா நேராக வாய்ப்பிருக்கு. இப்படியே விட்டா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் ஓடும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

வீடு திரும்பும் வழியில் சிறுசு வழக்கம்போல் நடுத்தெருவில் உட்கார்ந்தது. நேற்றுவரை அந்த இடத்தில் அவள் சங்கிலியை இழுத்து, "எழுந்திரு தடியா" என்று திட்டியிருக்கிறாள். இன்றைக்கு இழுக்கவில்லை. குனிந்து இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. எதிரே வந்த இரண்டு பேர், "யாரு யாரை வாக்கிங் கூட்டிட்டுப் போறது?" என்று சிரித்தார்கள். அவள் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டாவது மாடிக்கு ஏறி வருவதற்குள் பெருமையெல்லாம் வடிந்து அந்த இடத்தில் கோபம் தளும்ப நின்றது. யார் மேல் கொட்டுவது என்பதுதான் பாக்கி.

வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தன் கணவன், ஏசி மெக்கானிக். குட்டியைக் கொண்டுவந்தவன் அவன்தான். போட்ட குட்டிகளிலேயே இதுதான் சிறுசு என்று சொல்லி இறக்கினான், அதுவே பெயராக நின்றுவிட்டது. வீட்டில் பெருசு ஏற்கெனவே ஒருத்தர் இருந்தார். கணவனின் அப்பா. தொழிற்சாலை கேன்டீனில் சாப்பாடு பரிமாறியே தலை நரைத்தவர், ஓய்வு பெற்று மகன் வீட்டோடு இருக்கிறார்.

"இதுக்குக் கால்சியம் குடுத்தது யாரு?" என்று செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

கணவன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் இரண்டாவது முறை கேட்கும்வரை காத்திருக்க அவனுக்குத் தைரியமும் இல்லை. "நான்தான். மாத்திரையப் பொடி பண்ணிப் பால்ல கலந்து. பெரிய ஜாதியாச்சே, எலும்பு பெருசா இருக்குமே, அதுக்குத் தகுந்த மாதிரி..."

"தகுந்த மாதிரி! ஏசிக்கு கேஸ் அடிக்கிற மாதிரி நாய்க்குக் கால்சியம் அடிக்கிறீங்களா? யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"கடைக்காரர் நல்லதுன்னு சொன்னாரு."

"கடைக்காரர் விக்கிறவரு. கெட்டதுன்னு சொல்லுவாரா?"

இவ்வளவு சத்தத்துக்கும் மாமனார் சமையலறை வாசலில் அமைதியாக நின்றுகொண்டிருந்தார். தன் பக்கம் எந்தத் தப்பும் இல்லை என்கிற மனிதரின் அமைதி அது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"மாமா, நீங்க எப்படிப் போடுறீங்க? எனக்கு இப்பப் போட்டுக் காட்டுங்க."

"இதுல காட்டுறதுக்கு என்னம்மா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் உற்சாகமாக உள்ளே போனார். கப்பை டப்பாவுக்குள் விட்டு அள்ளினார். மேலே கோபுரமாகக் குவிந்திருந்தது. டப்பாவின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி இறக்கிவிட்டு, இறங்கிய இடத்தில் மறுபடி குவித்தார். தட்டில் கொட்டினார். அதன்மேல் அவித்த முட்டையை உடைத்துப் போட்டார். பாலில் ஊறின ரொட்டியைப் பிழிந்து வைத்தார். கடைசியில் அடுப்பிலிருந்த எலும்பு சூப்பைக் கரண்டியால் மொண்டு சுற்றிலும் ஊற்றி, ஓரத்தில் சிந்தினதைத் துணியால் துடைத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்தார். சிறுசு படுத்த இடத்திலிருந்து நொண்டிக்கொண்டே எழுந்து ஓடிவந்தது.

மிளகாய் தட்டைப் பிடுங்கி மேடைமேல் வைத்தாள். "இது ஒரு வேளைக்கா?"

"ஆமா. நீ சொன்னபடிதானே போடுறேன்?"

"நானா? நான் என்ன சொன்னேன்?"

"அது வந்த மறுநாளே சொன்னியேம்மா. வேலைக்குக் கிளம்பும்போது வாசல்ல நின்னு, 'மாமா, சிறுசுக்குப் பாத்துப் போடுங்க'ன்னு. அதுக்கப்புறமும் நாலஞ்சு தரம் சொன்ன. நானும் இன்னும் போதலையோன்னு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கிட்டே வந்தேன்."

"பாத்துப் போடுங்கன்னா பாத்துப் போடணும்னுதானே..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள்.

அவர் நின்றிருந்தது கேன்டீன் கரண்டிக்குப் பின்னால். வாழ்நாள் முழுக்க அவர் முன்னால் நீண்ட தட்டுகள் எல்லாம் ஒன்றையேதான் சொல்லியிருக்கின்றன. மாஸ்டர், பாத்துப் போடுங்க. இன்னும் கொஞ்சம் தாராளமாக என்பதைத் தவிர அதற்கு அங்கே வேறு அர்த்தம் கிடையாது. அதைக் கேட்ட பிறகும் கரண்டியைக் கவிழ்க்காதவன் கருமி என்று பெயர் வாங்குவான். அந்தப் பெயரை அவர் ஒருநாளும் வாங்கியதில்லை. அவளோ ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பவள். பாத்து ஏறு, பாத்து இறங்கு, பாத்து ஓட்டு. அவள் அகராதியில் பாத்து என்றால் பிரேக். இவள் பிரேக்கை மிதிக்க மிதிக்க அவர் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார்.

இது புரிந்ததும் கணவன் சிரித்துவிட்டான். அடக்கித்தான் பார்த்தான், முடியவில்லை. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று.

"சிரிக்கிறீங்களா? அந்தக் காலைப் பிடிச்சு அமுக்கினா அது அழுவுது, நீங்க சிரிக்கிறீங்களா?" என்று அவன் பக்கம் பாய்ந்தவள், அதே வேகத்தில் மாமனார் பக்கம் திரும்பினாள். "நான் எப்படியோ சொன்னேன். உங்களுக்குக் கண்ணு இல்லையா மாமா? நடக்க முடியாம உக்காருதே, அதப் பாத்துமா அள்ளிக் கொட்டுவீங்க? வாயில்லா ஜீவன், வேண்டாம்னு சொல்லாதுன்னு அதும்மேல உங்க கேன்டீன நடத்துறீங்களா? போட்டுப் போட்டே ஒரு உயிர முடமாக்கிட்டீங்க!"

கடைசி வாக்கியம் வாயை விட்டுப் போனபிறகுதான் அதன் கனம் அவளுக்கே தெரிந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை. மாமனார் கையிலிருந்த கரண்டியைக் கழுவும் தொட்டியில் மெதுவாக வைத்தார்.

"இனிமே அந்தத் தட்ட நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தொட மாட்டேன் என்று சொல்வது சுலபம். பகல் முழுக்க வீட்டில் இருப்பது அவர் ஒருத்தர்தான். கணவன் யார் வீட்டுச் சுவரிலோ தொங்கிக்கொண்டிருப்பான், அவள் எந்தச் சிக்னலிலோ நின்றுகொண்டிருப்பாள். டிப்போவில் ஷிப்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். "நாய்க்கு டயட்டா?" என்று மேனேஜர் கேட்டார். அவரிடம் மேலே பேசியிருந்தால் வேலையே போயிருக்கும் என்பதால், பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் கணவன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். "என் சிநேகிதனோட குடோனுக்கு ஒரு நாய் வேணுமாம். கோவப்படாத. அங்க யாரும் இதுக்கு இப்படி அள்ளிப் போட மாட்டாங்க. வேளைக்கு ஒரு பிடி போட்டாலே பெருசு. இங்க இருந்தா அப்பாவும் மாறப்போறதில்ல, நீயும் கத்துறத நிறுத்தப்போறதில்ல."

அவள் கத்தவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதே அவளுக்கு வயிற்றெரிச்சல். நல்லபடியாக வைத்துக்கொள்ளத் தெரியாததால் நாயை யார் கையிலோ கொடுப்பது என்றால், அப்புறம் எதற்கு ஒரு வீடு, அதில் மூன்று பெரிய மனிதர்கள்? "அடுத்த தடவை டாக்டர்கிட்டப் போயிட்டு வர்ற வரைக்கும் குடோன் பேச்ச எடுக்காதீங்க" என்றாள். "அப்பவும் கால் இப்படியே இருந்தா நீங்க சொல்றதக் கேக்குறேன்."

மறுநாள் விடிந்ததும் மூன்று சின்ன டப்பாக்களில் உணவை எடைபோட்டு நிரப்பினாள். காலைக்கு உள்ளதைத் தானே போட்டுவிட்டு, மீதி இரண்டையும் எடுத்துக்கொண்டு மாமனார் அறை வாசலில் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாளா என்பது அவளுக்கே தெரியாது. வாயைத் திறந்தால் அதட்டல்தான் வந்தது.

"இது மத்தியானம். இது சாயங்காலம். கப்பு வேண்டாம், கரண்டி வேண்டாம், முட்டை வேண்டாம். டப்பாவத் திறங்க, கொட்டுங்க, மூடுங்க. வாயத் திறந்து கேட்டாலும் அதுக்கு மேல ஒரு உருண்டை கிடையாது."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குடோன் பேச்சு மெல்லிய சுவரைத் தாண்டி அவர் காதுக்கும் போயிருந்தது.

"வச்சிட்டுப் போ. அவனை எங்கயும் அனுப்ப வேண்டாம்" என்றார்.

அன்றைக்கு வண்டி ஓட்டிய நேரமெல்லாம் அவள் மனசு வீட்டிலேதான் இருந்தது. தட்டை நீட்டினால் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். தட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு வந்து காலடியில் போடத் தெரிந்த நாய். இரண்டும் பகல் முழுக்கத் தனியாக. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சிறுசின் வாயைப் பிளந்து மோந்து பார்த்தாள். முட்டை வாசனை இல்லை. சூப்பு வாசனை இல்லை. நிமிர்ந்தால் மாமனார் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"மோந்து பாத்தாச்சா?" என்றார். "என் கையையும் மோந்து பாத்துக்க."

உள்ளங்கை இரண்டையும் நீட்டினார். அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு குளிக்கப் போனாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால் நாயிடம் சொன்னார்கள். "சிறுசு, பால் தீந்துபோச்சுன்னு சொல்லு" என்பார் அவர். "சிறுசு, வாங்கி வச்சிருக்குன்னு சொல்லு" என்பாள் அவள். நடுவில் அது, சாப்பாட்டு விஷயம் என்று நினைத்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும்.

பசி என்றால் அப்படிப் பசி அதற்கு. வயிறு பழகியிருந்த அளவு வேறு, இப்போது விழுகிற அளவு வேறு. தட்டை நக்கியே அறை முழுக்க இழுத்துப் போகும். சாத்தின சமையலறைக் கதவின்முன் படுத்துக்கொண்டு, கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் மூக்கை நுழைத்துப் பெருமூச்சு விடும்.

ஒருநாள் மாடிப்படியில் மேல்வீட்டு அம்மாள் மிளகாயை வழிமறித்தாள். "உங்க வீட்டு விஷயம், நான் கேக்கக் கூடாது. இருந்தாலும் பெரியவரப் படிக்கட்டுல உக்கார வச்சுச் சோறு போடுறது நல்லா இல்லம்மா. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

"யாரு உக்கார வச்சது?"

"தினமும் பாக்குறேனே. மத்தியானம் தட்டோட வந்து படியில உக்காந்துக்குறாரு. கேட்டா காத்தோட்டமா இருக்குங்குறாரு. இந்தப் படிக்கட்டுல எங்கம்மா காத்து?"

மிளகாய்க்கு எள்ளும் கொள்ளும் வெடித்தது முகத்தில். மாமனாரைப் படியில் தள்ளிய மருமகள் என்று கட்டடம் முழுக்கப் பேசியிருப்பார்கள். நேரே உள்ளே போய், நாயை இடையில் வைக்காமல், அவரையே பார்த்துக் கேட்டாள். "எதுக்கு மாமா வெளிய போய்ச் சாப்பிடுறீங்க? என்னைப் பத்தி நாலு பேரு நாலு விதமாப் பேசணும்னா?"

"பசியோட இருக்கிற அவன் முன்னால சாப்பாடு இறங்க மாட்டேங்குது" என்றார் அவர், நாயைக் காட்டி.

அதைக் கேட்டு அவளுக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேல் கோபம், மேல்வீட்டு அம்மாள் மேல் கோபம், ஒன்றும் அறியாமல் வாலை ஆட்டிக்கொண்டு நின்ற அந்தத் தடியன் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஏதோ சொல்லிவிட்டுப் போன தன் அவசரத்தின் மேல் கோபம். அளவு என்ன என்று அன்றைக்கு உட்கார்ந்து சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம் இல்லாமல் போயிற்று.

மறுபடி டாக்டரிடம் போகும் நாள் வந்தது. மூன்று பேரும் போனார்கள். சிறுசு வழியில் ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்தது. இந்த முறை எடை மேடையைச் சுற்றி யாரும் அடேங்கப்பா என்று சொல்லவில்லை. "இளைச்சிருக்கே, உடம்பு சரியில்லையா?" என்று ஒருத்தர் கேட்டார். டாக்டரம்மா விலாவைத் தடவிப் பார்த்தார், காலைப் பிடித்துப் பார்த்தார், முதல் தடவையாகச் சிரித்தார்.

"இடது கால் நல்லாவே நேராயிட்டு வருது. வலதுல இன்னும் வளைவு இருக்கு, ஆனா அமுக்கினா வலிக்கல பாருங்க. ஆபரேஷன் பேச்சு இப்ப வேண்டாம். ஆனா பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கீங்க. வளர்ந்து முடியற வரைக்கும் இதே அளவு. யாரு பாத்துக்குறது?"

மாமனார் தரையைப் பார்த்தார். மிளகாய், "அவர்தான்" என்று கையைக் காட்டினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் ஏதோ இறுக்கம் தளர்ந்திருந்தது. கணவன் பேக்கரியிலிருந்து சுடச்சுட ரொட்டி வாங்கிவந்தான், குடோன் பேச்சை அவனாகவே விட்டுவிட்டான். மாமனார் தட்டோடு வெளியே கிளம்பவில்லை, மேஜையில் வந்து உட்கார்ந்தார். மிளகாய் ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். சிறுசு மேஜைக்கடியில் வந்து தாடையை அவள் தொடைமேல் வைத்துக்கொண்டது. குரைக்கவில்லை, முனகவில்லை. கண்ணை மட்டும் மேலே உயர்த்தி அவளைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

எத்தனை நாளாயிற்று பாவம், ஒரு துண்டு ருசித்து. இன்னைக்கு ஒரு நாள்தானே. டாக்டரே சிரிச்சாங்களே. ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளினாள். நகத்தளவு வெண்ணெய் ஒட்டிக்கொண்டிருந்தது. கை மெதுவாக மேஜைக்குக் கீழே போயிற்று.

பளாரென்று அவள் மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது.

துண்டு தரையில் உருண்டது. சிறுசு பாய்ந்தது. அதற்குமுன் மாமனார் எழுந்து துண்டின்மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டு, நாயின் மூஞ்சியைக் கையால் தள்ளினார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அவளை நோக்கிக் குரலைக்கூட உயர்த்தியதில்லை. கணவன் வாயில் வைத்த ரொட்டியோடு அப்படியே உறைந்துவிட்டான்.

"மாமா!" என்று அவள் எழுந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"என்ன மாமா?" என்றார் அவர். "உனக்கு மனசு கேக்கல. எனக்கு மட்டும் கேக்குதா? பகல் பூரா இதே பார்வைதான் பாக்குது. தட்டக் கொண்டாந்து என் கால்ல போடுது. நான் ஒருத்தன் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். நீ சாயங்காலம் வந்து ஒரு நிமிஷத்துல நல்லவளாயிடுவியா?"

மணிக்கட்டு எரிந்தது. சிறுசு அவர் காலைச் சுற்றிச் சுற்றி மோந்து, இடமில்லாமல், கடைசியில் அவர் முன்னாலேயே உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தது. அவர் அதன் கண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் குனிந்தாள். அவர் காலைத் தூக்கினார். தரையோடு ஒட்டிக்கிடந்த துண்டை நகத்தால் சுரண்டி எடுத்து, வெண்ணெய்க் கறையைத் துணியால் அழுத்தித் துடைத்தாள்.

"குப்பையில போட்டு மூடி வை" என்றார் மாமனார்.

போட்டு மூடினாள்.